ஊர் வாயனசாலைக்கு ஆள் வருகிறது, புத்தகம் வெளியே போவதில்லை: என்ன நிகழ்ச்சி நடத்தலாம்?

கேள்வி: சித்தூர்க்கரை (பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மறுபக்கம் கள்ளிவேலியும் உள்ள ஒரு சிற்றூரின் வாயனசாலைக்கு, அதாவது ஊர் நூலகத்துக்கு, சென்ற ஆண்டு செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். மாநில நூலகக் கவுன்சிலில் இணைந்த நூலகம் என்பதால் ஆண்டுதோறும் கிராண்ட் வருகிறது. கட்டடமும் மேசை நாற்காலிகளும் குறையில்லை. ஊரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது தமிழ். பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்வழியிலும் மீதிப் பேர் மலையாளவழியிலும் படிக்கிறார்கள். அலமாரியில் மூன்றில் இரண்டு பங்கு மலையாள நூல்கள். தமிழ் நூல்களில் பல என் அப்பா காலத்தில் வாங்கியவை, தொட்டால் ஓரம் உதிர்கின்றன.

மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்ததும் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் வந்து நான்கு நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டு படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வராவிட்டால் கதவைத் திறப்பதற்கே காரணம் இருக்காது. ஆனால் அவர்கள் எழுந்து போனதும் விளக்கை அணைக்க வேண்டியதுதான் பாக்கி.

நிகழ்ச்சி நடத்தவில்லை என்றும் சொல்ல முடியாது. கேரள நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19-இல் வாசிப்பு நாள் கொண்டாடினோம். பந்தல், மைக் செட், வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் இருந்தன. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, பிள்ளைகள் பரிசுக்குக் காத்துக் களைத்த பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். அன்று உண்மையாக உழைத்தவர் மைக் செட்டுக்காரர் ஒருவர்தான். கூட்டத்துக்கு நூற்றுக்கு மேல் ஆள் வந்திருந்தது. மறுநாள் புத்தகம் கொடுக்கும் பதிவேட்டைப் புரட்டினால் மூன்று பெயர்கள், அதில் ஒன்று என்னுடையது. பாலவேதி, வனிதாவேதி, வயோஜனவேதி என்று சிறுவர், பெண்கள், முதியோர் மன்றங்கள் மூன்றும் எங்களுக்கு உண்டு. ஆனால் அவை கூடுவது மினிட்ஸ் புத்தகத்தில்தான்.

என் கேள்வி இதுதான். கூட்டம் கூடிக் கலைவதோடு நில்லாமல், வந்தவர் மறுபடி வரவும் கையில் ஒரு நூலை எடுத்துச் செல்லவும் வைத்த நிகழ்ச்சி ஏதேனும் உங்கள் ஊரில் நடந்திருந்தால், அதை எப்படி நடத்தினீர்கள், எந்த நேரத்தில் நடத்தினீர்கள், எந்த மொழியில் நடத்தினீர்கள் என்று விரிவாக எழுத வேண்டுகிறேன். பணம் அதிகம் இல்லை; ஆனால் இரண்டு இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் உதவத் தயாராக இருக்கிறார்கள்.

---

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர் (செங்கோட்டைப் பக்கம்)

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். நான் தமிழ்நாட்டு அரசின் கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரும் உங்கள் ஊரைப் போலத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்ததுதான். என் தாத்தா திருவிதாங்கூர்ச் சக்கர நாணயத்தில் கணக்கு எழுதியவர். அந்த உறவில் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்கப்படுகிறது. நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் சொத்து, நூலகர் அரசு ஊழியர். ஊர்க்காரர்களுக்கு வாசகர் வட்டம் என்ற ஒன்று உண்டு. ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம். ஆனால் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. உங்கள் வாயனசாலையோ ஊர்க்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த குழுவின் கையில் இருக்கிறது. நேரத்தை மாற்ற ஒரு தீர்மானம் போதும். அதை விட்டுவிட்டு மைக் செட்டுக்குச் செலவு செய்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் நடத்தியவற்றில் நிலைத்தது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலைக் கதை நேரம். பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தேமுக்காலுக்கு முடித்துவிடுவேன். மேடை கிடையாது, கோரைப்பாய் மட்டும். கதை சொல்பவர் புத்தகத்தைக் கையில் பிடித்துப் படத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும் என்பது நான் வைத்த கண்டிப்பு; கையை வீசி நடித்துச் சொல்பவர்கள் நன்றாகச் சொல்வார்கள், ஆனால் பிள்ளைகளின் நினைவில் அவர்கள் முகம்தான் தங்கும், புத்தகம் தங்காது. இன்னொன்று, கதையை முடிக்க விடமாட்டேன். முக்கால் கதையில் நிறுத்தி, மீதி இதிலே இருக்கிறது என்று அட்டையைக் காட்டுவேன். அதே நூலின் ஐந்தாறு படிகளையும், அதே போன்ற வேறு சில நூல்களையும் முன்பே மேசையில் பரப்பி வைத்திருப்பேன். உறுப்பினர் அட்டை இல்லாத பிள்ளைக்கு என் சொந்தப் பொறுப்பில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புவேன். விதிப்படி அது சரியில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் அப்படி நான் இழந்த நூல்கள் இருபதுக்குள்தான் இருக்கும். அதற்குக் கட்டிய பணத்தை என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

முதல் நான்கு வாரம் ஏழெட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். ஐந்தாம் வாரம் மழையோ திருவிழாவோ வந்து யாருமே வராமல் போகும். அன்றும் பாயை விரித்துப் பத்து மணிக்கு உட்கார்ந்திருங்கள். ஒரு வாரம் தவறவிட்டால், நடக்குமோ நடக்காதோ என்ற ஐயம் ஊருக்குள் புகுந்துவிடும். பிறகு அதை விரட்டுவது கடினம்.

---

மறுமொழி: மேட்டுக்காட்டு விவசாயி (கொழிஞ்சாம்பாறை அருகே)

ஐயா, நானும் உங்கள் வட்டத்துக்காரன்தான். வேறொரு வாயனசாலையின் குழு உறுப்பினர். பிள்ளைகளைப் பற்றி நூலகர் ஐயா எழுதிவிட்டதால் நான் பெரியவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பெரியவர்கள் டீக்கடையில் நாள்தோறும் பேசுவது ஆளியாற்றுத் தண்ணீரைப் பற்றித்தான். தமிழ்நாடு தரவில்லை என்று ஒருவரும், கேரளம் கேட்டு வாங்கவில்லை என்று இன்னொருவரும் வாதாடுவார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவரில் ஒருவரும் பார்த்ததில்லை. இதையே நிகழ்ச்சியாக்கினால் என்ன என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். பேச்சாளர் யாரையும் அழைக்கவில்லை. இரு மாநிலங்களும் தண்ணீரைப் பங்கிடச் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தத்தின் நகலை எடுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கொண்டு பகுதி பகுதியாகத் தமிழாக்கி, வாரம் ஒரு நாள் மாலை வாய்விட்டு வாசித்தோம்.

முதல் நாள், ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29 என்றும், ஆனால் அது 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் என்றும் வாசித்தபோதே சலசலப்பு எழுந்தது. மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்ற வரி வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, டி.எம்.சி. என்றால் எவ்வளவு என்று கேட்டார். முப்பது ஆண்டாக அந்தச் சொல்லைச் சொல்லிச் சண்டை போட்டவர் அவர். நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி., ஆக 725 கோடி கன அடி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். ஆண்டுக் கணக்கு ஜனவரியில் அல்ல, ஜூலை 1-இல் தொடங்குகிறது என்பதும் பலருக்குப் புதிய செய்தி. முப்பது ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்ற பகுதியை வாசித்த அன்று பூட்டுவதற்கு ஒன்பதரை மணி ஆகிவிட்டது.

அடுத்த வாரம் இருவர் தங்கள் வீட்டிலிருந்து பழைய தண்ணீர் வரி ரசீதுகளைக் கொண்டு வந்தார்கள். மூலத்தரை அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் எந்தெந்த ஊர் வழியாக வருகிறது என்று ஒருவர் கோடு போட்டுக் காட்ட, கடைமடைக்காரர் அதைத் திருத்தினார். அந்தப் படம் இப்போது எங்கள் வாயனசாலைச் சுவரில் தொங்குகிறது. அதன் பிறகு தென்னை நோய், சொட்டு நீர்ப்பாசனம், நில அளவை பற்றிய நூல்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. கதைநூல் கேட்டு ஒருவரும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தோம்: கட்சிக்காரர் யாரும் அந்த மேசையில் பேசக் கூடாது, வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம். அதற்காக ஒருவர் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் வரவில்லை. பிறகு நாளிதழ் படிக்க அவரே வந்துவிட்டார்.

---

மறுமொழி: தோட்டத்துப் பெண் (பீர்மேடு வட்டம், இடுக்கி)

அண்ணன்மார் இருவரும் நூலகத்துக்கு வந்து உட்காரக் கூடியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வர முடியாதவர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். செயலாளர் அண்ணா, நீங்கள் மாலை ஐந்து மணிக்குத் திறப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் ஊரில் எந்தப் பெண்ணால் வர முடியும்? பால் சொசைட்டிக்குப் போய் வந்து, விறகோ கேஸோ பற்ற வைக்கிற நேரம் அது. வனிதாவேதி மினிட்ஸ் புத்தகத்தில் மட்டும் கூடுகிறதென்றால் அதற்கு முதல் காரணம் கடிகாரம்தான்.

எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வேலை நாளில் கொழுந்து எடுத்துத் திரும்பினால் உடம்பு சொன்னபடி கேட்காது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, கடைக்குப் போய் வந்த பின், மூன்று மணிக்கு மேல்தான் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆகவே நாங்கள் ஞாயிறு மூன்றரை மணிக்கு ஒரு துணிப்பையில் இருபது நூல்களை எடுத்துக்கொண்டு லயத்துக்கே போகிறோம். எதைக் கொண்டு போவது என்பதுதான் கலை. தொடக்கத்தில் தடித்தடியான நாவல்களைக் கொண்டு போனோம். எல்லாரும் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பிறகு சிறுகதை, சமையல், உடல்நலம், பழைய வார இதழ்களின் தொகுப்பு என்று மாற்றினோம். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; கண்ணாடி வாங்க வேண்டிய வயது வந்ததை ஒப்புக்கொள்வது யாருக்குப் பிடிக்கும்? நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் எங்களுக்கு உண்மையாக ஆள் சேர்த்தது மலையாள எழுத்து வகுப்பு. தமிழ் நூலகத்தில் மலையாள வகுப்பா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் மலையாளவழியில் படிக்கிறார்கள். பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பை அம்மாவால் படிக்க முடியாது. பிள்ளையே படித்துச் சொல்லும்போது தனக்கு வேண்டாத வரியை விட்டுவிடும். எனவே பாடப் புத்தகம் எதுவும் வாங்காமல், பள்ளி அறிவிப்பு, ரேஷன் கடைப் பலகை, பேருந்தின் பெயர்ப்பலகை இவற்றையே பாடமாக வைத்தோம். முதல் வகுப்பில் ஓர் அறிவிப்பில் ‘அவசான தீயதி’ என்று இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்த அக்கா ஒருவர், “ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்றல்லவா நினைத்தேன், கடைசித் தேதியா இது!” என்று சொல்ல, லயமே சிரித்தது. அந்த அக்கா பத்து வாரத்தில் மலையாள நாளிதழின் தலைப்புகளைப் படித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது, அதுவரை கையில் எடுக்காத தமிழ் நூலையும் அவர் கேட்டு வாங்கியதுதான். ஒரு மொழியில் எழுத்து கூடினால் இன்னொரு மொழியில் இருந்த அச்சமும் போய்விடுகிறது போலும்.

வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் மனு எழுதித் தருகிறோம். குறை தீர்க்கக் கோரும் மனுவை அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எங்கள் தமிழ் மனுவை வாங்காமல் திருப்பியபோது, அந்த அக்காவே பிரிவின் எண்ணைச் சொன்னார். மனு உடனே வாங்கப்பட்டது என்று எழுத ஆசைதான். மூன்றாம் முறை போனபோதுதான் வாங்கினார்கள்.

---

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர்

தங்கையின் பதிலைப் படித்து மகிழ்ந்தேன். நூலகமே ஆளைத் தேடிப் போவது நமக்குப் புதிதல்ல; 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார். நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகள் அச்சானதும் அதே ஆண்டுதான்.

ஆனால் மனு எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இன்று மனு, நாளை ஆதார் திருத்தம், மறுநாள் ஓய்வூதிய விண்ணப்பம் என்று வளர்ந்து, நூலகம் இ-சேவை மையமாகிவிட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அரை மணி என்று நீங்கள் எல்லை வைத்திருப்பதால் பிழைத்தீர்கள். அந்த எல்லையைத் தளர்த்தாதீர்கள்.

---

மறுமொழி: தோட்டத்துப் பெண்

தளர்த்த மாட்டோம் அண்ணா. ஆனால் மனுவுக்காக வந்து பெஞ்சில் காத்திருப்பவர் கையில் ஒரு நூலைக் கொடுக்கும் வாய்ப்பு அந்த அரை மணியில்தான் கிடைக்கிறது. இ-சேவை மையத்தில் அது கிடைக்காது.

---

மறுமொழி: நகரிக்காரன் (ஆந்திர எல்லை)

தலைப்பில் சித்தூர் என்று பார்த்ததும் எங்கள் ஆந்திரச் சித்தூரோ என்று நினைத்து உள்ளே வந்தேன். வந்த பிறகு போக மனமில்லை. எங்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான்: வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, அலமாரியில் தெலுங்கு. நூலகங்கள் ஜில்லா கிரந்தாலய சமஸ்தா என்ற மாவட்ட நூலக அமைப்பின் கீழ் இருப்பதால் ஊர்க்காரர்களின் கை உங்களுடையது போல நீளாது. நூலகத்துக்காக ஊர்களே எழுந்து நின்ற தேசம் இது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1935-இல் பாதூரி நாகபூஷணம் கிருஷ்ணா கால்வாயில் படகையே நூலகமாக விட்டார்.

நான் சொல்ல வந்தது ஓர் எச்சரிக்கை. உங்கள் குழுவில் யாராவது, போட்டித் தேர்வுப் பயிற்சி தொடங்கினால் இளைஞர்கள் குவிந்துவிடுவார்கள் என்று சொல்லுவார். குவிவார்கள், அது உண்மை. எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் அதைத் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் எல்லா நாற்காலியும் தேர்வெழுதுவோர் கையில். அவர்கள் படிப்பது தாங்கள் கொண்டு வந்த வழிகாட்டி நூல்களை. பேச்சுக் குரல் கேட்டால் முறைக்கிறார்கள். பிள்ளைகளின் கதை நேரம் நின்றது. நாளிதழ் படிக்க வந்த பெரியவர்கள் வாசல் திண்ணைக்கு நகர்ந்தார்கள். தேர்வு முடிந்ததும் அந்த இளைஞர்களும் காணாமல் போனார்கள். அவர்கள் மேல் தவறில்லை. வீட்டில் அமைதியாக உட்கார இடம் இல்லாததால் வந்தார்கள். ஆனாலும் இடம் கொடுப்பது வேறு, வாசகரை உண்டாக்குவது வேறு.

---

மறுமொழி: மேட்டுக்காட்டு விவசாயி

நகரி நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வில் தமிழில் வினாத்தாள் கிடைக்கிறது. ஆனால் கேரள வரலாற்றையும் பொது அறிவையும் தமிழில் படிக்க நல்ல நூல் கிடைப்பது அரிது. அதற்காக வருபவனை நூலகம் எப்படித் திருப்பி அனுப்பும்? காலை ஏழு முதல் ஒன்பது வரை அவர்களுக்கென்று கதவைத் திறந்து சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டோம். மாலை நேரம் ஊருக்கு. ஞாயிறு அவர்களுக்கு இடமில்லை. பதிலுக்கு, மலையாளக் குறிப்புகளைத் தமிழில் எழுதி ஒரு நோட்டுப் புத்தகத்தை நூலகத்துக்கு விட்டுச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. இதுவரை நான்கு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன; இரவல் பதிவேட்டில் அதிகம் எழுதப்படும் தமிழ் நூல்கள் இப்போது அவைதாம்.

---

கேள்வி கேட்டவர்: சித்தூர்க்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவைக் கூட்டி உங்கள் பதில்களை வாசித்துக் காட்டினேன். தமிழில் நடத்தினால் கவுன்சிலின் ஆய்வில் கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். நிகழ்ச்சிப் பதிவேட்டில் இரு மொழியிலும் எழுதி வைப்போம், பதிவேடு ஒழுங்காக இருந்தால் கேள்வி வராது என்று பழைய செயலாளர் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது.

இரண்டைத் தீர்மானித்திருக்கிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆசிரியை அம்மா கதையைத் தொடங்கி முக்காலில் நிறுத்துவார். முதல் வாரம் தமிழ், அடுத்த வாரம் மலையாளம். புதன்கிழமைகளில் மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை பெண்களுக்காக மட்டும் திறக்கிறோம், பால் கறக்கும் நேரத்துக்கு முன் அவர்கள் வீடு திரும்பலாம். இந்த யோசனையைச் சொன்னது நான் அல்ல. கேட்டுக்கொண்டே முறுக்குத் தட்டோடு உள்ளே வந்த என் மனைவி. அடுத்த ஜூன் 19-க்கு மைக் செட் வேண்டாம் என்று சொன்னபோது மட்டும் குழு இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பணத்துக்குப் பெரிய எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுவர் நூல்களை, ஒவ்வொன்றிலும் ஐந்து படியாக வாங்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். வாக்கெடுப்பு வரும் வெள்ளிக்கிழமை.

நூலகர் ஐயா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முக்கால் கதையில் நிறுத்தினால் சின்னப் பிள்ளைகள் அழ மாட்டார்களா?

---

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர்

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் அழும். அவர்களுக்கு முழுக் கதையும் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரமும் அதே கதையைத்தான் கேட்பார்கள்.